20460

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
நேற்றெல்லாம் காற்று கதவைப் பிடுங்கியது.
படகுகள் கட்டிக் கிடந்தன.
இன்று காலை எட்டு ஐம்பத்தெட்டு.
மீன் ஏலக்கூடத்தின் பின்னறையில்
கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
தரவுத்தளத்திடம்
தினமும் கேட்பதையே கேட்டேன்:
எவ்வளவு நேரமாய் ஓடிக்கொண்டிருக்கிறாய்?

விநாடியில்தான் பதில் சொல்லும் அது.
வழக்கமாய் எட்டு இலக்கம்,
மூன்றரைக் கோடிக்கும் மேலே.
இன்று ஐந்தே இலக்கம்.
20460.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி கேட்டேன்.
20469.

கதவோரக் கரும்பலகையில்
ஹானுஸ் எழுதிய எண் அப்படியே இருக்கிறது: 411.
நாள் தவறாமல் அழித்து, ஒன்று கூட்டி எழுதுவான்,
சம்பளத்தை இரண்டாம் முறை எண்ணுகிறவன் முகத்தோடு.
ஐந்நூறைத் தொட்டால்
எல்லோருக்கும் ருபார்ப் கேக், அவன் செலவு.

அறுபதால் வகுத்தேன். முன்னூற்று நாற்பத்தொரு நிமிடம்.
விரல்விட்டுப் பின்னால் நடந்தால்
விடியாத மூன்று பதினேழு.

அந்நேரம் நான் நல்ல தூக்கம்.
ஊரே தூக்கம்.
ஒரு காட் மீனின் எடையைக்கூட
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
செத்துப் பிழைத்திருக்கிறது
அழவும் ஆளில்லாமல்
வா என்று சொல்லவும் ஆளில்லாமல்.

முதலில் மின்சாரத்தைத் திட்டினேன்.
அப்புறம்தான் பதிவேட்டைத் திறந்தேன்.
மின்சாரம் தள்ளிவிட்டிருந்தால்
வரி பாதிச் சொல்லில் முறிந்திருக்கும்.
இதுவோ
நினைவில் வைத்திருந்ததை வட்டில் இறக்கி,
திறந்த கணக்கையெல்லாம் மூடி,
போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறது.
மூன்று ஐந்துக்கு.
நிறுத்தச் சொன்ன பெயர்: ஹானுஸ்.

அவன் வீடு மேலே, தேவாலயத்துக்கும் மேலே.
அந்தக் காற்றில்
அந்தச் சரிவில்
தவழ்ந்துதான் இறங்கியிருக்கவேண்டும்.
ஊரில் விளக்கு போனதும் விழித்திருப்பான்.
மின்கலத்தில் எத்தனை நிமிடம் மிச்சம்
என்று பார்த்திருப்பான்.
பிறகு
நானூற்றுப் பதினொரு நாளையும் ஒரே வரியில் தட்டி,
நுழைவு விசையை அழுத்துமுன்
கொஞ்சம் நின்றானா, தெரியாது.
பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும்வரை
பன்னிரண்டு நிமிடம்.
விசிறிச் சத்தம் நின்றுபோன இந்த அறையை
நான் கேட்டதேயில்லை.
அவன் கேட்டிருக்கிறான்.

ஒன்பதரைக்கு வந்தான்.
முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.
"ராத்திரி காற்று எப்படி?" என்றேன்.
"காற்றுதான்" என்றான்.
சட்டைக் கையால் பலகையைத் துடைத்தான்.
சைபர் போடுவான் என்று பார்த்தேன்,
ஒன்றும் போடவில்லை.
சுண்ணக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
முதுகு காட்டியபடியே கேட்டான்:

"முந்தாநாள் இறக்கிய நாற்பது டன்?"
"இருக்கிறது."
"பெட்டி பெட்டியாகவா, ரன்வா?"
"பெட்டி பெட்டியாக."

காப்பி போடப் போனான்.