அகில் வந்த பின்

நான்கு மாதமும் பத்து நாளும்
என் மூக்குக்கு விடுமுறை.
அத்தர் இல்லை, ஊது இல்லை,
வாசனைச் சோப்புகூட இல்லை.
மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மணமற்ற கட்டி
குளியலறையில் தேய்ந்து தேய்ந்து
ஒரு பல்லின் அளவுக்கு வந்துவிட்டது.
இன்று மஃரிபோடு இத்தா முடிந்தது.
நாட்காட்டி பார்த்துச் சொன்னது நாத்தனார்.
நான் எண்ணுவதை எண்பதிலேயே விட்டிருந்தேன்.

மரம் நீல நிற பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
வெல்வெட் துணிக்குள்
கறுப்பும் பழுப்புமாய்ப் பதினொரு சில்லு.
முபாரக்கியா சந்தையில் ஜர்ராஹ்
அரை மணி நேரம் பேரம் பேசி ஏமாந்தது.
"நல்ல அகில் தண்ணீரில் மூழ்கும், போட்டுப் பாருங்கள்"
என்றிருக்கிறான் கடைக்காரன்.
வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையில் போட்டோம்.
மிதந்தது.
விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு
"பார், மூழ்குகிறது" என்றார்.

கரியை அடுப்பில் வைக்கிறேன்.
ஒரு முகம் சிவந்ததும் இடுக்கியால் புரட்டி
மறு முகம்.
மேலே சாம்பல் பூக்கும்வரை
மரத்தை வைக்கக் கூடாது.
வைத்தால் மணக்காது,
வெறும் விறகாய் எரிந்துபோகும்.
ஏழெட்டு நிமிடம்.
இந்த நிமிடங்களை முன்பு நான் பார்த்ததே இல்லை.
கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டிருப்பேன்.
அவர்தான் இங்கே நிற்பார்,
கரியைப் பார்த்தபடி,
அவருக்குச் சற்றும் பொருந்தாத பொறுமையோடு.

எங்களிடம் ஒரு வழக்கு உண்டு:
அகில் வந்தால் அகல்.
புகைச்சட்டி ஒரு சுற்று வரும்.
தாடிக்குக் கொஞ்சம், தலைத்துணிக்குக் கொஞ்சம்
வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.
இதைவிட மரியாதையாக
ஒருவரை வெளியே அனுப்ப முடியாது.
என் தம்பி மிஷாரி உட்கார்ந்தால் எழுவதில்லை.
அவனுக்காகவே ஒன்பதரைக்குக் கரி பற்றும்.
ஒருநாள் எட்டு மணிக்கே பற்றியது.
அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு
இந்த வீட்டில் புகை சுற்றவில்லை.
அதனால்தானோ என்னவோ
யாரும் முழுதாகக் கிளம்பிப் போகவில்லை.
சோபாவின் மடிப்புகளில் இன்னும் கிடக்கிறது
அவர்கள் தணிந்த குரலில் பேசியது.

ஏசியை நிறுத்துகிறேன்.
இத்தனை நாளும் அது பேசிக்கொண்டிருந்தது
இப்போதுதான் தெரிகிறது.

சில்லைக் கரியின் ஓரத்தில் வைக்கிறேன்.
நடுவில் வைத்தால் பதறிவிடும்.
ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு விளிம்பில் ஒரு துளி எண்ணெய்
கொப்புளித்து, சுருங்கி, மறுபடி கொப்புளித்து
நூலிழைபோல ஒரு நீலம் எழுந்தது.
முதலில் பழைய தோல்செருப்பு.
அடுத்து மூடியே கிடந்த மருந்துப்பெட்டி.
தொண்டை கமறியது, கண் எரிந்தது,
எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.
இனிப்பு கடைசியில்தான் வந்தது, தயங்கித் தயங்கி.
மலிவு மரம், தெரியும்.
மூக்கு வாதாடவில்லை.

கூந்தலை அவிழ்த்துப் புகைக்குக் கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கான அபாயாவின்
ஒரு கை, மறு கை.
தண்ணீர்க் கட்டணப் பிரிவில் இனி எல்லாரும்
என் மேசையைக் கடக்கும்போது முகர்வார்கள்.
ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பழக்கம் விடவில்லை.
சட்டியைக் கையில் ஏந்திக்
கூடத்தை ஒரு சுற்று வந்தேன்.
ஒவ்வொரு திண்டின் முன்னும் நின்றேன்.
எழுவதற்கு யாருமில்லை.
அவருடைய திண்டின் முன் சற்றே கூடுதலாக நின்றேன்,
கை சுடும்வரை.
பிறகு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
அகில் வந்தது.
நான் அகலவில்லை.
அறைதான் கொஞ்சம் அகன்றது.

மணி எட்டு.
வாசலில் மிஷாரி.
மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு
நிலையைப் பிடித்தபடி நிற்கிறான்,
ஒரு கால் செருப்புக்குள், ஒரு கால் வெளியே.
"போகட்டுமா, சபீக்கா?"

"கழற்று" என்றேன்.