பன்னிரண்டாவது பெயர்

அதிகாலை நாலே கால்.
உட்லண்ட்ஸ் டிப்போ உணவறை.
முதல் பேருந்து கிளம்ப முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது,
சண்டை கிளம்பிவிட்டது.

"பதின்மூன்று லீக் பட்டம், எண்ணிக்கோ"
என்கிறார் நல்லமுத்து.
பத்து விரல் போதாமல்
மேசையில் மூன்று கோப்பிக் கரண்டிகளை அடுக்குகிறார்.
அவருடைய மாமனாரைத் திட்டினால் கூடவே சிரிப்பார்.
பெர்குசனைத் திட்டினால்
ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார்.

ஸுல்கிஃப்லி ரொட்டியை நனைத்தபடி,
"ஒன்பது சீசனில் மூணு ஐரோப்பியக் கோப்பை.
அதுவும் வீட்டுச் செருப்போடு."
கணுக்கால் வலியில் பெய்ஸ்லி
செருப்போடுதான் வேலைக்கு வருவாராம்.
பிரேக் மிதிக்கும் காலைத் தேய்த்துக்கொண்டே
இதைச் சொல்கிறார், எப்போதும்.

கூ ஹோக் செங்குக்கு கிளஃப்.
கீழ் டிவிஷனிலிருந்து ஏறிவந்த குழு
மறு வருஷம் சாம்பியன்,
அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் ஐரோப்பா.
"லீட்ஸில் நாற்பத்து நாலே நாள்" என்று நல்லமுத்து குத்த,
கோப்பி சிந்துகிறது.

இந்தச் சண்டை மலாயில் தொடங்கி
ஆங்கிலத்தில் முற்றி
ஹொக்கியனில் வசவாக முடியும்.
நான் தமிழில் எழுதுவதால்
கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறது.

"ஸ்டெய்ன்" என்கிறான் தனசீலன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
அறுபத்தேழில் லிஸ்பனில் ஜெயித்த பதினொரு பேரும்
கிளாஸ்கோவிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்களாம்.
அவன் மாசாயிலிருந்து வருகிறான்.
அவனுடைய முப்பது மைலுக்குள்
ஒரு பாலமும் ஒரு கடப்பிதழும்
மூன்று மணிக்கு அடிக்கும் அலாரமும் இருக்கின்றன.

"மிஸ் கோமளா, நீங்க சொல்லுங்க."

நான் ரோஸ்டர் போடுகிறவள்.
தினமும் நூற்றுச் சொச்சம் பெயர்.
ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு மகளின் நிச்சயதார்த்தம்,
ஒருவர் போனையே எடுப்பதில்லை.
கோப்பை எதுவும் தர மாட்டார்கள்,
பேருந்து நேரத்துக்குப் போனால்
அன்றைக்கு யாருக்கும் என் பெயர் தெரியாது.

என் கோப்புக்குள் ஒரு கடிதம்.
நேற்று மாலை வந்தது, கண் பரிசோதனை முடிவு.
இன்றைய தாளில் ஒரு பெயரை அடித்து
மேலே வேறு பெயர் எழுதியிருக்கிறேன்.
எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது.

"சேர்க்காமல் விட்டவனிடம்
இவர்களில் யார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

மேசை அமைதியானது.
ஷாங்க்லி காயம்பட்டவனைத்
திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம், என்றார் ஹோக் செங் மெதுவாக.
அறுபத்தாறு இறுதிப் போட்டியில்
கிரீவ்ஸ் வெளியே உட்கார்ந்திருந்தார், என்றான் தனசீலன்.
ராம்சி செய்தது சரிதான், கோப்பை வந்ததே.
ஆனால் கிரீவ்ஸுக்கு ஒரு பதக்கம் வர
நாற்பத்து மூன்று வருஷம்.

"ராம்சி அவரிடம் என்ன சொன்னார்?"
"தெரியலை மிஸ்."

நல்லமுத்து என்னைப் பார்க்கவில்லை,
என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறவர்போல
தலையைப் பின்னால் சாய்த்து.

"என்னையா?"

தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது.
பாதுகாப்பு, நிர்வாகம், மறுபரிசோதனை
எல்லாம் அதில் இருந்தன.
"ஆமாண்ணே" என்று மட்டும் வந்தது.

அவர் ஒவ்வொரு கரண்டியாக எடுத்து
டின்னில் போட்டார்.
"பதின்மூன்று பதின்மூன்றுதான்" என்றார், ஸுல்கிஃப்லியிடம்.
ஸுல்கிஃப்லி முதல்முறையாக மறுத்துப் பேசவில்லை,
அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு
மாற்று ஓட்டுநர் இஞ்சினை முடுக்கினான்.
லின் என்ற பையன், வந்து ஏழு மாதம்.
நல்லமுத்து ஜன்னலோரம் போய் நின்றார்.
இடது கண்ணாடி நடுங்கும், நம்பாதே.
மூன்றாவது நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா,
சாய்தளத்தை நீயே இறங்கிப் போடு.
விளக்கு மாறும் முன் அவசரப்படாதே.

பேருந்து வாசல் தாண்டிய பிறகும்
கையை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்,
எல்லைக்கோட்டுக்கு வெளியே,
சூயிங்கம் இல்லாமல்.