ஆடுதின்னாப்பாளை

மழை விட்டு மூன்று வாரம்.
மாரியூர்க் கடலோரத்துப் பொட்டலில்
விரற்கடை உயரத்துக்குப் பசும்புல்.
பனி காயும் முன்னே மேய்ந்துவிட்டன ஆடுகள்.
நான்தான் திறந்துவிட்டேன்.
நண்டுக் கம்பெனி வண்டி
ஐந்தரைக்கே வந்துவிடும்.

சுட்டிக்காதிக்கு இப்போது தாடைக்குக் கீழே
தண்ணீர்ப் பை தொங்குகிறது.
கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன்.
நாளெல்லாம் ஓடுடைத்து நான் பிரித்தெடுக்கும்
அவித்த சதையின் வெள்ளை.

உடைமர நிழலில், பனைமூட்டில்,
நண்டுவளைப் பக்கத்து மணலிலும்
படர்ந்து கிடக்கிறது அந்தச் செடி.
பட்டினிக் கோடையிலும்
ஓர் ஆடு அதில் வாய் வைத்ததில்லை.
பெயரிலேயே அப்படி.
அதைத்தான் பறிக்கிறேன்.
தள்ளி நின்று பார்க்கிறாள் சுட்டிக்காதி,
யாருக்கென்று தெரிந்தவள்போல.

ஒரு பிடி இலை என்பார்கள்.
யாருடைய பிடி?
போன ஐப்பசியில் ராயப்பு பறித்து வந்தார்,
வலை இழுத்த கை.
கிடாக்குட்டி நுரைதள்ளிக் காலை உதைத்து
விடியுமுன் விறைத்துப்போனது.
அவர் இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை.
அதிலிருந்து எண்ணித்தான் அரைக்கிறேன்.
இன்றைக்குப் பதினொன்று.
ஒன்றில் பெரிய ஓட்டை,
கறுப்பாய் முள்முள்ளாய் ஒரு புழு
விளிம்பிலிருந்து தின்றுகொண்டே வருகிறது
புழுவுக்கான மருந்தை!
சிரித்துவிட்டேன்.
அந்த இலையை அதற்கே விட்டேன்.

மூன்று மிளகு, கொஞ்சம் கருப்பட்டி, அம்மி.
மூங்கில் கொட்டத்தைக் கடைவாயில் செருகி
மெதுவாக, மெதுவாக,
புரையேறினால் ஆள் காலி.
பாதியை என் சேலையில் துப்பினாள்.
மீதி இறங்கியதைத்
தொண்டையில் கை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை
நர்சு பல்கீஸ் என் இமையை இழுத்தார்,
அதே கட்டைவிரல், அதே அழுத்தம்.
அவர் வாய் திறக்குமுன்பே
நிறம் எனக்குத் தெரிந்துவிட்டது.
"செருப்புப் போடாமத்தான காட்டுக்குப் போற?"
வெள்ளையில் ஒன்று, சிவப்பில் முப்பது.
மாத்திரைகளை எண்ணித்தான் தந்தார்.
அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெள்ளை மாத்திரையை நாக்கில் வைத்தபோது
அசைபோடுவதை நிறுத்திவிட்டு
என்னையே பார்த்தாள் சுட்டிக்காதி.
அவள் காதில் மஞ்சள் வில்லை,
அதில் என் கடனின் எண்.
விழுங்கினேன்.

மறுநாள்
புல்நுனி உலரும்வரை
பட்டிப்படலைத் திறக்கவில்லை.
தெருமுனையில் வண்டி
இரண்டு தடவை ஆரன் அடித்தது.
பிறகு போய்விட்டது.