இருக்கைக்கு அடியில்

தாலாத்தோ வண்டி வாங்கப் போனபோது
என்னையும் கூட்டிப்போனாள்.
பதினோரு வருடமாய் மொபெட் ஓட்டுகிறவள் நான்;
பிளக்கைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டியே
பாதி வாகடூகுவைக் கடந்தவள்.

தம்பூயிலிருந்து எங்கள் மருந்துக்கடைக்கு
நாலு கிலோமீட்டர். அவ்வளவுதான்.
அணைக்கரை மேல் ஒன்றரை,
மீன் வறுக்கும் பெண்களின் புகைக்குள் கொஞ்சம்,
மிச்சம் செம்மண்.
இதற்குப் போய் ஸ்கூட்டரா என்றேன்.

சிபிரி இரண்டையும் கடைக்கு வெளியே தள்ளி
வெயிலில் நிறுத்தினான்.

மொபெட் நீலம். மூன்று கை மாறியது.
பெடல் உண்டு.
எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சாராய பாட்டிலில் விற்கிற பையன்
தெருவுக்கு ஒருவன் இருக்கிறான்;
அவனும் இல்லாத நாளில்
மிதித்தே வீடு சேரலாம்.
விலை, ஸ்கூட்டரில் கால்வாசி.

ஸ்கூட்டர் வெள்ளை.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை.
பட்டனை அழுத்தியதும்
ஒரு தும்மல்கூட இல்லாமல் கிளம்பியது.
அதுதான் எனக்குச் சந்தேகம்.
தும்மாத இயந்திரத்தை நான் நம்புவதில்லை.
அதற்கு நோய் வந்தால்
சொல்லாமல் வரும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.
ஹர்மத்தான் மாதங்களில் புழுதி
சின்னச் சக்கரத்தை என்ன பாடுபடுத்தும் என்றேன்.
உன் வீட்டுக்காரனுக்குத் தம்பிகள் மூவர்,
வெள்ளை வண்டியைக் கண்டால் விடுவார்களா என்றேன்.
தலையாட்டினாள்.
சீட்டுப் பணம் இடுப்புத் துணி முடிச்சில் இருந்தது.
ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

பிறகு குனிந்து
ஸ்கூட்டரின் இடப்பக்கத் துளையில் சாவியை நுழைத்தாள்.
டக்.
இருக்கை மேலெழுந்தது.
உள்ளே கறுப்பாய் ஒரு குழி.
ஹெல்மெட் வைக்கலாம் அக்கா, என்றான் சிபிரி,
ஹெல்மெட்டே போடாத ஊரில்.
மூடினாள். திறந்தாள். மூடினாள்.
எத்தனை சாவி?
இரண்டு.
இரண்டையும் என்னிடமே தருவாயா?

லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று
கேட்கவே இல்லை அவள்.

அப்போதுதான் எனக்கு அவள் வீடு நினைவுக்கு வந்தது.
நாலு அறை, பதிமூன்று பேர்,
கதவு இருக்க வேண்டிய இடங்களில் பூப்போட்ட திரைகள்.
அவள் செருப்பில் நாத்தனார் சந்தைக்குப் போவாள்.
அவள் சோப்பு யார் யார் கையிலோ கரையும்.
சம்பள உறையை மாமனார் பிரித்துத் தருவார்,
'எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது' என்று.
கெட்டவர்கள் இல்லை, ஒருவரும்.
காய்ச்சலில் அவள் கிடந்த வாரம்
பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து
தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளையை வாங்கினாள்.
மீதிக்கு ஆறு தவணை.
அந்தப் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை உரிக்கவில்லை,
வெயிலில் தொடை சுடுகிறது என்று
தினமும் என்னிடம் புலம்புகிறாள், உரிக்க மாட்டாள்.

முதல் ஞாயிறே கொழுந்தன் சாவி கேட்டானாம்.
வண்டியில் கோளாறு என்றாளாம்,
வாங்கி ஒன்பது நாள் ஆன வண்டிக்கு.
நம்பினானா என்றேன்.
நம்பவில்லை, ஆனால் போய்விட்டான் என்றாள்.

போன மாதம் அணைக்கரையில்
என் மொபெட் நின்றது.
லாரிகளும் கழுதை வண்டிகளும் ஒதுங்கிப் போக
பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் வந்தவள் நிறுத்தினாள்.
துடைக்க ஒரு துணி வேண்டும், என்றேன்,
உன் பெட்டியில் இருக்குமா?

சாவிக்கொத்து மேல் கை போனது.
நின்றது.
பிறகு இரண்டு கையையும் உயர்த்தி
தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்,
பண்டிகைக்கு எடுத்த மஞ்சள் துணி.
கறை போகாது, தாலாத்தோ.
போகாவிட்டால் போகட்டும்.

துடைத்தேன்.
அவள் இருக்கை மேல் சாய்ந்து
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது மிதியில்
என் வண்டி தும்மியது.