சுவர் பூசும் வாரம்

மாத்திரை தொடங்கி இன்று பத்தொன்பதாம் நாள்.
முழங்கை மடிப்பில் தடிப்பு, அரிப்பு.
சர்க்கரையே கசக்கிறது.
அறுபது நாள், விடாமல், என்றார் கமிரி டாக்டரம்மா.
பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்களை
என் முகத்தைப் பார்த்துத் திட்டினார்.

செஃபெரினோவின் இதயத்தைப் போன வருஷம்
படமெடுத்துக் காட்டினார்கள்.
நீர் ஊறிய தோல்பைபோல்
ஒரு பக்கம் தொங்கிப்போய்.
எத்தனை வருஷமாக இப்படி, என்றேன்.
கிருமி புகுந்தது சின்ன வயசில் இருக்கும், என்றார்கள்.
அப்படியானால் அது
எனக்கு மூத்தாள்.

விஞ்சுக்கா என்று பெயர் பூச்சிக்கு.
தூங்குகிறவர் உதட்டோரம் உறிஞ்சும்,
உறிஞ்சிவிட்டு அங்கேயே கழியும்.
அரைத்தூக்கத்தில் சொறிகிற கை
மிச்ச வேலையை முடித்துக் கொடுக்கும்.
நாயென்றால் குரைத்திருக்கும்.
இருபது வருஷம் சத்தமில்லை,
பிறகு மாடியில்லாத வீட்டில்
மாடிப்படி ஏறினதுபோல் மூச்சு.

மூன்று கூடை செம்மண், ஒரு கூடை மணல்,
இடித்த வைக்கோல், கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பு.
கோழிகளைக் கருவேலிக்கு அந்தப்பக்கம் விரட்டியாயிற்று.
எண்ணெய்க் கம்பெனி காலண்டரைக் கழற்றினேன்;
அதன் பின்னால்
ஆகஸ்ட் முழுக்கக் குடியிருந்தவை பதினொன்று.
மருந்தடிக்கும் ஆட்கள் வியாழக்கிழமை வருவார்கள்.

அவர் வாளி தூக்கக் கூடாது.
காலருகே தோலுக்கடியில் அந்தச் சின்னப் பெட்டி
அவருக்கும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறது.
அறுபது நாள் மாத்திரை அவருக்கில்லை;
ஊதின இதயத்தை அது சுருக்காதாம்.
சுமையைக் குறைக்க வேறு மாத்திரைகள்,
காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று, உப்பு கம்மி.
நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் அடிக்கிறார்.
"அங்கே. கட்டைவிரலுக்கு மேலே. ஒரு கீறல்."
கீறல் கண்டுபிடிப்பதில் இப்போது அவருக்கு வெறி.
"என்னுடையதை எப்போது பூசுவாய்?"
மண்ணை அறைந்து தேய்க்கிறேன்.
பதில் தெரிந்த கேள்விக்கு
எதற்கு வாயைத் திறப்பது.

யானினாவுக்குப் பதினேழு. அவள் ரத்தத்திலும் இருக்கிறது.
பிள்ளை பெறுவதற்கு முன்னால் முடித்துவிடு, என்றார்கள்.
எனக்கு இரண்டு நாள் பிந்தி அவள் தொடங்கினாள்,
எனக்கு முன்னால் வாந்தி எடுத்தாள்.
காலண்டர் எங்கே மாட்டுவது, கட்டம் போட வேண்டும் என்கிறாள்.
ஆணி அடிக்காதே, என்றேன்,
ஓட்டை ஆகும்.

வெள்ளிக்கிழமை கோழிக்கூண்டில் ஒன்று. உயிரோடு.
தீப்பெட்டியில் பிடித்துப்போட்டு
சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறினேன்;
அப்படித்தான் கொண்டுவரச் சொன்னார்கள்.
பக்கத்து சீட்டு லாரி டிரைவர்
உதட்டில் சிகரெட்டோடு கை நீட்டினார்.
தீப்பெட்டியைப் பார்த்தேன்.
உள்ளே எதுவோ மெல்லச் சுரண்டியது.
குச்சி இல்லை ஐயா, என்றேன்.