மாதிரி

கம்பம்மெட்டு ஏறுகையில்
ஜீப்பில் பதினாறு பேர்.
பனிக்கு எல்லோரும் தலையில் துண்டு சுற்ற
எனக்கு மட்டும் கழுத்தடியில் அடுப்பு பற்றிக்கொள்ளும்.
ஸ்வெட்டரைக் கழற்றி
எதிரே நடுங்கும் செவனம்மா மடியில் போடுவேன்.
அடுத்த வளைவில் வியர்வை குளிர்ந்து
திருப்பிக் கேட்பேன்.
"ஒண்ணு போடு, இல்ல குடுத்திரு" என்பாள்.
மாதாமாதம் வருவது நின்று
பதினாலு மாதம்.

போன ஐப்பசியில்
ஏலச்செடிக்கு நடுவே வழுக்கிக்
கையை ஊன்றினேன், அவ்வளவுதான்.
முழங்கால் உயரம்கூட இல்லை விழுந்தது.
மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டு
எவளோ தட்டையை ஒடித்துவிட்டாள் என்று
கங்காணி திட்டிக்கொண்டே வந்தார்.

புளியன்மலை முகாமில்
குதிகாலில் களிம்பு தடவி
ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள்.
பெட்டி காட்டிய எண்ணுக்கு முன்னால்
சின்னதாய் ஒரு கோடு.
கூலிச் சீட்டில் பிடித்தத்துக்குப் போடுகிற
அதே கோடு.

"சேச்சி, சோயா கழிக்கணும்" என்றாள் நர்ஸ் லிஸ்ஸி.
இருபது வருஷம் மலை ஏறியும்
அந்தச் சொல் முதல் நொடி
தமிழாகத்தான் காதில் விழுகிறது.
கழிந்தது போதாதா என்று பார்த்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
தின்னச் சொல்கிறாள்.

அந்தப் பயறுக்குள்
என் உடம்பு சுரப்பதை நிறுத்திய ஒன்றின்
சாயல் இருக்கிறதாம்.
அதுவே இல்லை. மாதிரி.
"போன எலும்பு திரும்புமா?"
"திரும்பாது. கரைவது கொஞ்சம் மெதுவாகலாம்.
சிலருக்கு.
படித்தவங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகலை."
பொய் சொல்லாத அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது.
பால் குடி, மாத்திரையை விடாதே,
வெயிலில் கொஞ்சம் நில் என்றாள்.

வெயிலுக்கு எங்கே போக?
இருட்டில் ஏறுகிறோம்,
மர நிழலில் குனிந்து காய் எடுக்கிறோம்,
இறங்கும்போது
கம்பத்தில் விளக்கு போட்டிருக்கிறார்கள்.

கால் கிலோ மீல் மேக்கர் வாங்கினேன்.
வெந்நீரில் ஊறப்போட்டு
இடது கையாலேயே பிழிந்தேன்,
வலது கைக்கு இன்னும் பயம்.
பட்டை, சோம்பு, சின்ன வெங்காயம்,
சேலை மடிப்பில் ஒட்டி வந்த
இரண்டு ஏலக்காய்.
அவற்றுக்குக் கணக்கில்லை.

அவர் மூன்று வாய் தின்றார்.
"வீருசின்னு, அசல் கறி மாதிரியே இருக்கே."
பிறகு தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார்.
"ஆனா
எலும்பைத்தான் காணோம்."

சிரித்தேன்.
சிரிப்பு நிற்கவில்லை,
அவர் பயந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மிச்சத்தை மறுநாள் தூக்கில் கொண்டுபோனேன்.
செவனம்மா ஒரு துண்டை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவளுக்கு நாற்பத்தாறு.
"எனக்கும் வச்சிரு" என்றாள்,
என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு.