வாரா ஐயக்கடன்

மார்ச் முப்பத்தொன்று.
பழையபேட்டை முழுக்கப் புதுப்புளி வாசனை.
நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
ராயக்கோட்டை ரோட்டுக் குளிர்கிடங்கில்
போன வருடத்து மூட்டைகளை எண்ணுகிறேன்.
நூற்றுப்பதினாறு. நூற்றுப்பதினேழு.
எண்கள் வாயிலிருந்து புகையாக வருகின்றன.

கணக்கில் பழையதுதான் முதலில் போகும்.
பத்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.
கிடங்கில் கதவோரம் இருப்பது முதலில் போகும்.
பின்வரிசையை உருவி எடுக்க
லோடு ஏற்றும் மாதப்பனுக்கு
யாரும் தனிக்கூலி கொடுப்பதில்லை.
புத்தகத்தில் எப்போதோ விற்றுப்போன புளி
சுவரோரம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தேன்.
செங்கல் நிறத்தில் உள்ளே போனது
தார் நிறத்தில் இருந்தது.
ஐப்பசியில் கரண்ட் போன இரண்டு நாள்.
டீசல் எதற்கு என்றார் முதலாளி.

கொட்டையோடு வாங்கியது கிலோ ஐம்பது.
ஓடும் கொட்டையும் போனால் பாதிதான் மிஞ்சும்,
ஆக நூறு.
புளி தட்டிய காட்டிநாயனப்பள்ளிப் பெண்களுக்குப் பதினைந்து.
சாக்கு, வண்டிச்சத்தம் ஏழு.
அடக்கம் நூற்றிருபத்திரண்டு.
கறுத்ததற்கு மண்டியில் எழுபது சொல்கிறார்கள்,
அதுவும் ஊறுகாய்க் கம்பெனிக்காரன் வந்தால்.

எது குறைவோ அது.
பாடப்புத்தகத்தில் அரை வரி.
நஞ்சுண்டையாவிடம் சொல்ல ஒரு பகல் ஆயிற்று.
"விற்கவே இல்லையே, அதற்குள் நஷ்டமா?"
"ஆமாம் சார், விற்காமலே."
"அப்போ லாபத்தையும் அப்படியே எழுதேன்."
அதற்கு வழி கிடையாது.
கெட்ட செய்தியை வதந்தியிலேயே எழுதலாம்,
நல்ல செய்திக்குப் பில் வேண்டும்.

அப்புறம், தர வேண்டியவர்கள்.
முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு.
போன வருடம் கடைசிக் கட்டத்தில் ஒரே பெயர்:
குப்பம் கோதண்டராமப்பா,
மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.
போன் செய்தால் "திங்கக்கிழமை அம்மா" என்பார்.
எந்தத் திங்கள் என்று நானும் கேட்டதில்லை.
முதலில் ஐயம் என்று ஒதுக்கினேன்.
பிறகு வாராது என்று கோடடித்தேன்.
அடித்த வாரம்தான் தெரிந்தது
அவர் தையிலேயே போய்விட்டார் என்று.
பேரேட்டில் மட்டும்
இரண்டு மாதம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்.

இன்று மதியம் குளிரிலிருந்து வெளியே வந்து
மூக்குக்கண்ணாடி பனித்து, ஒன்றும் தெரியாமல் நிற்கிறேன்.
எதிரில் ஒரு குரல், தெலுங்கு கலந்த தமிழ்.
"கோதண்டராமப்பா மகள். ஜலஜா.
நாயினா நோட்டில் உங்க மண்டி பேர் இருக்குது."
பால் சொசைட்டிப் பைக்குள்
நாற்பதாயிரம், எல்லாம் ஐந்நூறு.
"மிச்சம் ஆகாது. இது ஆகும்."

ஆடிட்டர் போனில் சொன்னார்:
"பிற வருமானத்தில் போடும்மா. ஒரே பதிவு."
நான் படித்தது வேறு.
கோடடித்த பெயரை முதலில் திரும்ப எழுத வேண்டும்.
பற்று, கோதண்டராமப்பா, நாற்பதாயிரம்.
கடனாளியாக அவர் எழுந்து வர வேண்டும்.
அதன் பிறகே ரொக்கத்தை வாங்கிக்கொண்டு
அவரை அனுப்ப முடியும்.
இரண்டு பதிவு, பலன் ஒன்றுதான்.
இரண்டாகவே எழுதினேன்.
நடுவில் கொஞ்ச நேரம்
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ரசீது யார் பேரில்?"
அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

படி இறங்கியவள் திரும்பினாள்.
"அந்தக் கறுப்புப் புளி கிலோ என்ன?"
"எழுபது."
"ரசத்துக்கு அதுதானே ருசி. ரெண்டு கிலோ கொடுங்க."
நூற்றுநாற்பது. பில் போட்டேன்.
ஆடிட்டர் கேட்டிருந்த சந்தை விலைக்கு
முதல் ஆதாரம்.
பிரித்த மூட்டை எங்கே என்று காட்ட,
மாதப்பன் முணுமுணுத்தபடி
பின்வரிசைக்குப் போனான்.

எண்ணிக்கை விட்டுப்போனது.
மறுபடி ஸ்வெட்டர். மறுபடி ஒன்று.